வெஞ்சனத்தை மதுக்கடைக்கு எழுதிக் கொடுத்தவர் யார்?

அண்மையில் கோவில்பட்டியில் ஒரு நிக்காஹ் விருந்துக்குச் சென்றிருந்தோம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வந்த வேளை. ஸ்பெயின் தேசத்துக்குச் சுற்றுலா போய்த் திரும்பிய உறவினர் ஒருவரைச் சூழ்ந்து நாலைந்து பேர் அமர்ந்திருந்தார்கள். குர்துபாவின் பெரிய பள்ளிவாசலைப் பற்றி அவர் இரண்டு வாக்கியம் பேசினார். அந்நாட்டுத் தெருமுனை மதுவிடுதிகளில் சின்னஞ்சிறு தட்டுகளில் வந்து இறங்கும் பண்டங்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். ஒலிவக் காய் ஒரு தட்டு, பொரித்த கத்தரிக்காய் ஒரு தட்டு, கீரையும் கொண்டைக்கடலையும் ஒரு தட்டு; ஒரு கடையில் ஒன்றைத் தின்று அடுத்த கடைக்கு நடப்பதாம்; குழந்தை குட்டிகளோடு, வயதான பெண்களோடு இரவு பத்து மணிவரை ஊரே தெருவில் நின்று உண்ணுமாம். "நாங்க குடிக்கல்ல மச்சான், பழச்சாறுதான் வாங்கினோம்" என்று கேளாத கேள்விக்கும் விடை சொல்லி வைத்தார். பிறகு, "நம்ம ஊர்ல அப்படிக் குடும்பத்தோட உக்கார ஒரு எடம் உண்டா?" என்று கேட்டார். ஓரத்தில் நின்ற இளைஞன் ஒருவன், "ஏன் மாமா இல்லாம? டாஸ்மாக் பாருக்குப் போங்க, தட்டுத் தட்டா வரும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். விருந்து அன்றிரவே செரித்துவிட்டது. அந்தச் சிரிப்பு இன்றுவரை செரிக்கவில்லை.

அந்த இளைஞன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதே நம்மை உறுத்துவது. கரிசல் பூமியில் மாலை ஆறு மணிக்குமேல் சூடான சிறுதீனியைச் சிறு தட்டில் வைத்து, மின்விசிறிக்கடியில் உட்காரவைத்துப் பரிமாறும் இடம் எது என்று தேடினால், நம் விரல் மதுக்கூடத்தைத்தான் சுட்டுகிறது. இது தானாக நேர்ந்ததா? நாம் கொடுத்தோமா? கொடுத்தோம் என்பதே நம் வாதம். கொடுத்தவர்களில் நம் சமுதாயமும் உண்டு என்பதைச் சொல்லவே எழுதுகிறோம். கோபப்படுவோர் கட்டுரையை முடிவுவரை படித்துவிட்டுக் கோபப்படுவார்களாக.

முதலில் ஸ்பெயின் தட்டுகளைப் பார்ப்போம். அவற்றைத் 'தாபாஸ்' என்கிறார்கள். பஞ்சாபிலிருந்து நம் நெடுஞ்சாலைக்கு வந்த தாபாவுக்கும் இதற்கும் உறவு கிடையாது. அவர்கள் மொழியில் 'தாபா' என்றால் மூடி. மதுக்கிண்ணத்தின்மேல் ஈ விழாமல் ரொட்டித் துண்டை வைத்து மூடியதிலிருந்து வந்தது என்று ஒரு கதை. அரசர் ஒருவர் ஆணையிட்டார் என்று இன்னொரு கதை. கதைகள் பல, சான்றுகள் இல்லை. எனினும் ஒன்று தெளிவு. அந்தத் தட்டு மதுவின் துணையாகவே பிறந்தது. மதுக்கிண்ணத்தின் மூடி என்ற பெயரையே சுமந்து நிற்கிறது. கிரனடா நகரில் இன்றும் ஒரு கிண்ணம் வாங்கினால் ஒரு சிறு தட்டு விலையின்றி வருகிறது.

ஆனால் அந்தத் தட்டுக்குள் இருப்பது என்ன? ஒலிவக் காயை ஸ்பானியர் 'அசெய்தூனா' என்கிறார்கள்; அது அரபு மொழியின் ஸைத்தூன். இறைச்சி உருண்டையை 'அல்போந்திகா' என்கிறார்கள், அது புந்துக். கத்தரிக்காய் 'பெரென்ஹேனா', அது பாதின்ஜான். சர்க்கரை 'அசூகார்'; அது சுக்கர். குங்குமப்பூ 'அசாஃப்ரான்', அது ஸஃபரான். கத்தரிக்காயைப் பொரித்துத் தேன் ஊற்றித் தருவது குர்துபாவின் புகழ்பெற்ற பண்டம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் முர்சியா நாட்டு இப்னு ரஸீன் அத்துஜீபி என்ற அறிஞர் அந்தலூசியச் சமையலைப் பற்றி ஒரு பெருநூலே எழுதி வைத்தார். அதற்கும் நானூறு ஆண்டு முன்னர், 822-ல் பக்தாதிலிருந்து குர்துபாவுக்கு வந்த ஸிர்யாப் என்ற இசைவாணரே, பண்டங்களை ஒன்றாகக் குவிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் முறையைக் கொண்டுவந்தவர் என்று மரபு சொல்கிறது. தட்டில் இருப்பதன் பெரும்பகுதி நம்முடைய பழைய வீட்டுச் சமையல். தட்டைச் சுமக்கும் மேசை மட்டும் மாறிவிட்டது.

மேசை எப்படி மாறியது? 1236-ல் குர்துபா வீழ்ந்தது. 1492-ல் கிரனடா வீழ்ந்தது. 1502-ல் காஸ்டில் நாட்டு முஸ்லிம்கள் மதம் மாற வேண்டும், அன்றேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற ஆணை பிறந்தது. மாறியவர்களையும் விட்டுவைத்தார்களா? இல்லை. அவர்களுடைய அடுப்பங்கரையை வேவு பார்த்தார்கள். பன்றிக் கொழுப்பில் சமைக்காமல் ஒலிவ எண்ணெயில் சமைக்கிறாளா, பன்றி இறைச்சியைத் தள்ளி வைக்கிறானா, மதுவை மறுக்கிறானா, தரையில் அமர்ந்து உண்கிறார்களா என்பவை சமய விசாரணை மன்றத்தின்முன் குற்றச்சாட்டுகளாக நின்றன. அயலார் கண்முன் மதுவைக் குடித்து, பன்றியைத் தின்று காட்டினால்தான் உயிருக்கு உறுதி. அப்படியும் முடிவில் 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் கப்பலேற்றித் துரத்தப்பட்டார்கள். இன்று ஸ்பானிய மதுவிடுதியின் உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் பன்றித் தொடைகளையும், சொட்டும் கொழுப்பைத் தாங்க அவற்றின் நுனியில் செருகிய சிறு கிண்ணங்களையும் நம் உறவினர் வியந்து படம் எடுத்து வந்திருந்தார். அந்தத் தொடைகளின் கீழே எத்தனை குடும்பங்கள் நடுங்கிக்கொண்டு உண்டிருக்கும் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டாமா?

இன்றைய கடைக்காரர்மீது நமக்குப் பழி இல்லை. அவர் தம் பாட்டன் பண்டத்தை விற்கிறார். அவரிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம். நம் கேள்வி நம்மவரிடம்தான். மது சுற்றி வரும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற நபிமொழியை மதரஸாவில் நாம் எல்லாரும் படித்தோம். நாம் குடிக்காவிட்டாலும் அங்கே அமர்வதே ஆகாது என்பதல்லவா அதன் கருத்து? "வெளிநாட்டில் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். கிரனடாவில் அல்பைசின் குன்றின் அடிவாரத்தில் கால்தெரெரியா என்ற தெரு இருக்கிறது. அதில் மொரோக்கோக்காரர்களின் தேநீர் விடுதிகள் வரிசையாக உள்ளன. புதினாத் தேநீரும் பாதாம் பண்டங்களும் அங்கே கிடைக்கும். அதே குன்றின்மேல், ஐந்நூறு ஆண்டு இடைவெளிக்குப்பின் 2003-ல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் அல்ஹம்ராவை எதிர்நோக்கி நிற்கிறது. அங்கெல்லாம் போகக் கால் வலிக்கிறது; மதுவிடுதிக்கு மட்டும் கால் தானே நடக்கிறது!

போகட்டும். ஸ்பெயின் தொலைவில் இருக்கிறது. கரிசலுக்கு வருவோம்.

இந்தப் பூமியின் உணவை அறியாதவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மானாவாரி நிலம் இது. மழை பெய்தால் கால் புதையும். வெயில் அடித்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், மல்லி என்பவையே இதன் செல்வம். நஞ்சைக்காரனுக்கு வாய்த்த நெல்லுச்சோறு கரிசல்காட்டானுக்கு அன்று நாளும் கிழமையும் பார்த்து வந்த விருந்தாளி. அன்றாடம் கம்பங்கூழும் சோளச்சோறும். கூழை மட்டும் குடித்துக் காலம் தள்ள முடியுமா? ஆகவே கடித்துக்கொள்ளவும் தொட்டுக்கொள்ளவும் ஆயிரம் வகை கண்டார்கள். மோர்மிளகாய், சீனியவரை வத்தல், சுண்டவத்தல், கானத் துவையல், பருப்புத் துவையல், அவித்த மொச்சை, தட்டாம்பயறு, உரித்த சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு. இவற்றுக்கெல்லாம் சேர்த்துக் கரிசல் மக்கள் வைத்த பெயர் 'வெஞ்சனம்'.

என்ன அழகான சொல்! கறி என்றோ கூட்டு என்றோ பிரிக்காமல், உண்பதற்குத் துணையாக வருவது எதுவாயினும் வெஞ்சனம். "என்ன வெஞ்சனம்?" என்று வழியில் போகிறவரும் கேட்பார், கேட்டவருக்குக் கையில் கொஞ்சம் வைத்துக் கொடுப்பார்கள். களத்துமேட்டில் பத்துத் தூக்குச்சட்டிகள் திறந்தால் பத்து வெஞ்சனங்கள் கைமாறும். ஸ்பெயினின் சிறு தட்டுகளுக்கு எந்த வகையில் குறைந்தது இது? ஒரே ஒரு வேற்றுமைதான். அங்கே சிறு தட்டு கிண்ணத்துக்குத் துணை. இங்கே சிறு தட்டு கூழுக்குத் துணை. அங்கே போதைக்கு, இங்கே பசிக்கு.

இடைசெவல் கிராமத்தில் பிறந்த கி. ராஜநாராயணன் 1982-ல் இவ்வட்டாரத்துச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார். அதே கிராமத்தில் பிறந்த கு. அழகிரிசாமியும் இம்மக்களின் வறுமையையும் விருந்தோம்பலையும் கதைகளாக்கினார். இவர்களால் கரிசல் சொற்கள் பல ஏட்டில் பிழைத்துக்கொண்டன. தெருவில் பிழைத்தனவா? வெஞ்சனம் என்ற சொல்லை இன்று கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தருகே ஒரு வாலிபனிடம் சொல்லிப் பாருங்கள். விழிப்பான். 'சைடு டிஷ்' என்று சொல்லுங்கள், புன்னகைப்பான். அந்தப் புன்னகையின் பொருள் எல்லாருக்கும் தெரியும். சுண்டலும் அவித்த முட்டையும் மிளகாய் தடவிப் பொரித்த மீனும் குடற்கறியும் இன்று அந்தப் பெயருக்குள் அடைக்கப்பட்டுவிட்டன. கூழின் துணையாக இருந்தவை குடியின் துணையாகிவிட்டன.

இது சொல்லளவில் நிற்கும் செய்தியன்று. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1937-ல் இராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது மாகாணம் முழுதும் பரவியது. 1971-ல் தளர்த்தப்பட்டது; 1974-ல் மீண்டும் இறுக்கப்பட்டது; 1981-ல் மறுபடியும் திறக்கப்பட்டது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கிரனடாவில் பள்ளிவாசல் திறந்த அதே ஆண்டில் தமிழகத்தில் அரசே மதுக்கடை திறந்தது. காலத்தின் கேலி என்பது இதுதான் போலும். ஆனால் பலர் கவனியாத ஒரு நுட்பம் இதில் உண்டு. கடையில் புட்டியை விற்பது அரசு. அதையொட்டிய மதுக்கூடத்தைத் தனியாருக்கு ஏலம் விடுகிறார்கள். ஏலத்தில் எடுப்பவருக்குக் கிடைக்கும் உரிமை என்ன தெரியுமா? தின்பண்டம் விற்கும் உரிமையும், காலிப் புட்டிகளைச் சேகரிக்கும் உரிமையும்!

வாசகர்கள் இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். மதுக்கூடம் என்பது ஏட்டின்படி ஓர் உணவுக்கடை. நம் சுண்டலும் நம் வெஞ்சனமும் அரசாங்க முத்திரையோடு ஏலம் போயிருக்கின்றன. ஏலத் தொகையை எடுக்க வேண்டுமே. அதற்கு அவர் என்ன செய்வார்? உப்பையும் காரத்தையும் கூட்டுவார். உப்பு தாகத்தை எழுப்பும்; தாகம் அடுத்த புட்டியை எழுப்பும். பசியாற்றப் பிறந்த பண்டத்தைத் தாகம் மூட்டும் தூண்டிலாக மாற்றியதைப்போல் ஒரு கொடுமை உண்டா? அதே அரசு நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்குகிறது, நன்றியோடு பெற்றுக்கொள்கிறோம். கஞ்சிக்கு அரிசி தந்த கை, கஞ்சிக்கு வெஞ்சனமாகும் சுண்டலை மதுக்கூடத்துக்கு ஏலம் விடுகிறதே என்று கேட்க மட்டும் நமக்கு நா எழவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளை அகற்ற வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. சாலையிலிருந்து விரட்டப்பட்ட கடைகள் ஊருக்குள் இடம் தேடின. அப்போது தமிழகத்தின் பல ஊர்களில் பெண்கள் திரண்டு மறித்தார்கள். குடத்தோடும் துடைப்பத்தோடும் அவர்கள் தெருவில் நின்ற படங்கள் நாளிதழ்களில் வந்தன. நம் வீட்டு ஆண்கள் அவற்றைப் பார்த்து மெச்சினார்கள். மெச்சியதோடு சரி. கடைவீதியில் கட்டடம் வைத்திருப்போர் நம்மில் இல்லையா? 'மாதம் பிறந்தால் வாடகை தவறாது' என்று மதுக்கூடத்துக்கு இடம் விட்டவர்களும், அதன் சமையலுக்குச் சரக்குப் போட்டவர்களும் இல்லையா? பெயர் சொல்ல மாட்டோம். சொல்லத் தேவையும் இல்லை. அவர்கள் இந்த வரியைப் படிக்கும்போது ஏட்டைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கண்டுகொள்ளலாம். "நான் விற்கவில்லை, இடம் மட்டும்தான் விட்டேன்" என்பது அவர்கள் விடை. "நாங்கள் குடிக்கவில்லை, பழச்சாறுதான் வாங்கினோம்" என்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

நமக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்வோம். கரிசலில் ஒரு சிற்றூர். சந்தைப்பேட்டை முனையில் ஒரு கீற்றுக் கொட்டகைக் கடை. இளமையில் வியாபாரத்துக்குப் போகும்போதெல்லாம் அங்கே இறங்குவோம். ஆமவடை, பாசிப்பயறுச் சுண்டல், வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி துவையல், கண்ணாடித் தம்ளரில் தேநீர். கடைக்கார அம்மா நம் தொப்பியைப் பார்த்ததும், "வாங்க ராவுத்தரே, எண்ணெய் இன்னைக்குத்தான் மாத்துனது" என்பார். பல ஆண்டு கழித்து, கண்ட சுவையை மறக்க முடியாமல் மறுபடியும் போனோம். கொட்டகை இருந்த இடத்தில் தகரம் அடைத்த மதுக்கூடம். கடைக்கார அம்மா எங்கே என்று விசாரித்தோம். உள்ளேதான் இருக்கிறார், அடுப்படியில் கூலிக்குச் சுண்டல் வேகவைக்கிறார். அதே கை, அதே சுண்டல். நாம் உள்ளே போக முடியவில்லை. அவர் வெளியே வர நேரமில்லை.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். படித்த நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "பழைய கடைகளை இவ்வளவு புகழ்கிறீர்களே, அங்கே இரட்டைக் குவளை இருக்கவில்லையா? தாழ்த்தப்பட்டவனுக்குத் தனித் தம்ளர் வைத்த கடைகள்தானே அவை? மதுக்கூடத்தில் அந்தப் பேதமாவது இல்லையே!" கூர்மையான கேள்வி, மழுப்பினால் நாம் பொய்யராவோம். ஆம், கரிசல் கிராமங்களின் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. அந்த அநீதியைக் கண்டும் காணாமல் நம்மவர்களும் அந்தக் கடைகளில் தேநீர் குடித்தோம். ஒரே குவளையில் குடிக்கச் சொல்லிக்கொடுத்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்பது நம் நெஞ்சில் தைத்த முள். ஆனால், மனிதனும் மனிதனும் சேர்ந்து அமர வேண்டுமானால் அறிவை இழந்தால்தான் முடியும் என்பதை எப்படி ஒப்புவது? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இன்றும் சகனைச் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் கை வைத்து உண்கிறார்கள். அதில் முதலாளியும் உண்டு, கணக்கப்பிள்ளையும் உண்டு. அந்தத் தட்டுக்கு எந்தப் புட்டி துணை நின்றது? போதையில் சேரும் கைகள் விடிந்ததும் பிரிந்துவிடுவதைக் கரிசல் கிராமங்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இன்னொருவர், "நல்ல கடைகள் இல்லாமலா போய்விட்டன? சாத்தூர்ச் சேவு இல்லையா, விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா இல்லையா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இல்லையா?" என்கிறார். உண்டு, நமக்கும் பிடிக்கும். கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமும் மகிழ்ந்தோம். நிலக்கடலையையும் வெல்லப்பாகையும் கொண்டு இத்தனை பெயர் வாங்கிய ஊர் வேறு ஏது? ஆனால் கவனியுங்கள்: பிழைத்தவை எல்லாம் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகக் கூடியவை. மிட்டாயைப் பெட்டியில் போடலாம், சேவைத் தாளில் மடிக்கலாம். சூடு ஆறுமுன் உட்கார்ந்து தின்ன வேண்டிய சுண்டலுக்கும் வடைக்கும் இடம் வேண்டும். புரோட்டாக் கடையில் இடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆண்களுக்கு.

இங்கேதான் நம் உறவினரின் கேள்வி உண்மையிலேயே வலிக்கிறது. ஸ்பெயினில் அவர் கண்ட அதிசயம் கத்தரிக்காய் அன்று. பாட்டியும் பேத்தியும் கடைவாசலில் நின்று சிரித்துக்கொண்டு உண்டார்கள். அதுதான் அவரைக் கவர்ந்தது. நம் வீட்டுப் பெண்கள் ஊரின் மாலைக் கடையைப் பொட்டலத்தின் வழியாக மட்டுமே அறிவார்கள். தாளில் பிசுபிசுத்து ஆறிப்போன புரோட்டாவும் நெகிழிப் பையில் முடிச்சிட்ட சால்னாவும்தான் அவர்களுக்கு வாய்த்தவை. கோவில்பட்டி வட்டாரத்தின் தீப்பெட்டி ஆலைகளில் பெண்கள் உழைக்கிறார்கள். காலை முதல் கைவிரலில் மருந்து வாசனையோடு நின்றுவிட்டு, மாலையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒரு பெண், பசிக்கிறது என்று ஒரு தட்டுச் சுண்டல் வாங்கி உட்கார்ந்து தின்ன இந்த ஊரில் எத்தனை இடம் உண்டு? அவளுடைய கணவனுக்கு இருக்கிறது. நாற்காலி, மின்விசிறி, தட்டுத் தட்டாக வெஞ்சனம். அவன் அங்கே கொடுப்பது பெரும்பாலும் யார் கூலி என்பதையும் அந்தப் பேருந்து நிறுத்தத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

"பெண்கள் கடையில் உட்காருவதா?" என்று புருவத்தை உயர்த்தும் பெரியவர்கள் உண்டு. ஸ்பெயினில் மதுவிடுதியில் உட்காரலாம், சிங்கப்பூரில் அங்காடிக் கடையில் உட்காரலாம், விமான நிலையத்தில் உட்காரலாம். கோவில்பட்டியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் மட்டும் மானம் போய்விடுமா? பெண்கள் வராத கடை ஆண்களின் கூடாரமாகும். ஆண்களின் கூடாரத்துக்குப் புட்டி எளிதில் வந்து சேரும். பெண்களும் குழந்தைகளும் வந்து அமரும் கடையில் யாரும் அவ்வளவு எளிதாகப் புட்டியைத் திறக்கமாட்டார்கள். நாம் பெண்களைக் கடையிலிருந்து விலக்கி மானத்தைக் காத்ததாக எண்ணினோம், கடையைத்தான் கைவிட்டோம்.

நெடுஞ்சாலைப் பயணிகளையும் விட்டுவிட முடியாது. சென்னையிலிருந்து மேலப்பாளையத்துக்கும் காயலுக்கும் காரில் போகும் நம் குடும்பங்கள், மதுரை தாண்டியதும் நான்குவழிச் சாலையில் ஒரே மூச்சாகப் பறக்கின்றன. கோவில்பட்டி சாலை ஓரத்துப் பலகையாக வந்து மறைகிறது. பசித்தால் கண்ணாடி மாளிகை உணவகம். எல்லா ஊரிலும் ஒரே விலை, ஒரே வாசனை. எட்டயபுரம் என்று ஒரு பலகை வருமே, அதையாவது கண்டதுண்டா? சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அங்கே அடங்கியிருக்கிறார். குர்துபாவின் தூண்களைப் பார்க்கக் கடல் தாண்டிச் செல்லும் நமக்கு, எட்டயபுரத்துக்குக் காரைத் திருப்பச் சில மைல் கனக்கிறது. திருப்பினால் வழியில் ஒரு தேநீர்க் கடைக்காரர் பிழைப்பார். அவர் கொட்டகைமேல் மதுக்கூடத்துக்காரரின் கண் விழாதிருக்கவும் கூடும்.

ஜமாஅத்துகளிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. கடைவீதியில் பள்ளிவாசலுக்குச் சொந்தமான வக்ஃபுக் கடைகள் பல ஊர்களில் இருக்கின்றன. கைப்பேசிக் கடைக்கும் காலணிக் கடைக்கும் விடுகிறீர்கள், விடுங்கள். ஒன்றே ஒன்றை மாலைச் சிற்றுண்டிக்கு விட்டால் என்ன? மேல்வாடகை கேட்காமல், பெண்கள் அமரத் தனி வாசலன்று, நல்ல வெளிச்சமும் நல்ல இருக்கையும் வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுங்கள். பாசிப்பயறும் மொச்சையும் கம்பும் நம் காட்டிலேயே விளைகின்றன. சமைக்கத் தெரிந்த விதவைகள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார்கள். ஸக்காத் பணத்தில் தையல் பொறி வாங்கிக் கொடுத்துக் கொடுத்து, ஒரே தெருவில் இருபது தையற்காரிகளை உட்கார வைத்துவிட்டோம். தைக்கத் துணி எங்கே? ஓர் அடுப்பும் நாலு பலகையும் அதைவிட மலிவு. தேங்காய்ச்சில்லும் மாங்காயும் போட்ட சுண்டல் ஒரு சிறு தட்டு, துவையல் வைத்த கம்பு அடை ஒரு சிறு தட்டு, ஆட்டுக்குடல் வறுவல் ஒரு சிறு தட்டு, கூடவே சுக்குக் காப்பி. கிரனடாவின் எந்தத் தெருமுனைக்கும் இது இளைத்ததன்று.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்கள் ரமளானில் அஸருக்குப்பின் பள்ளிவாசல் முற்றத்துக்கு வந்து பார்க்கட்டும். கஞ்சி அண்டாவைச் சுற்றி யார் யார் நிற்கிறார்கள்? தூக்குச்சட்டி ஏந்திய நாடார் வீட்டுப் பிள்ளை, நாயக்கர் வீட்டுப் பாட்டிக்குக் காய்ச்சல் என்று வாங்க வந்த பேரன், சக்கிலியர் தெருவிலிருந்து வந்த சிறுமி. வாசலில் வடையும் சமோசாவும் விற்கும் தள்ளுவண்டிகள். ஒரு மாதம் முழுக்க, மாலை ஆறு மணிக்கு, ஊரே ஒரு பண்டத்தின்முன் கூடுகிறது. ஒரு சொட்டு மது இல்லை. ஒருவருக்கும் தனிக் குவளை இல்லை. பெருநாள் பிறை தெரிந்ததும் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம். தள்ளுவண்டிக்காரர் அடுத்த மாலை வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்று நாம் பின்தொடர்ந்து பார்த்ததில்லை. பார்த்தால் தெரியும்: மதுக்கடை வாசலில்.

நிக்காஹ் வீட்டில் பேசிய அந்த உறவினருக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதினோம். சினந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் தொலைபேசியில் அழைத்தார். கடைவீதியில் அவருக்கு ஒரு சிறு கட்டடம் சும்மா கிடக்கிறது. கூடுதல் வாடகைக்கு யார் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு எட்டயபுரம் போய்விட்டு மாலை நம் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். "என்ன வெஞ்சனம்?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எத்தனை ஆண்டாயிற்று! பாசிப்பயறும் மோர்மிளகாயும் என்றோம்.